பெண் பிள்ளையின் படிப்பு: பெங்களூர்த் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டேனரி ரோடு, சிவாஜிநகர், நீலசந்திரா பக்கம் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கமிருந்து தோல் வியாபாரத்துக்கு வந்தவர்கள், நெல்லை, ராமநாதபுரத்திலிருந்து கடை வைக்க வந்தவர்கள், அப்புறம் ஐடி வேலைக்கு வந்தவர்கள். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதும், சேர்க்கை நேரத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை. கேட்டு வருகிறவர்களில் அம்மாக்கள்தான் அதிகம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெண் பிள்ளை படிக்கவே கூடாது என்று நேராகச் சொல்பவரை இப்போது அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ஆனாலும் படிப்பு நிற்கிறது. பஸ்ஸில் நிற்கிறது, சான்றிதழில் நிற்கிறது, திடீரென்று வந்த ஒரு சம்பந்தத்தில் நிற்கிறது. அதனால் அந்த இடங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

மார்க்கம் பெண்ணுக்கு எந்த அளவு படிப்பை அனுமதிக்கிறது?

அளவு எதையும் போடவில்லை. முதலில் இறங்கிய வசனமே "ஓதுவீராக" என்றுதான் தொடங்குகிறது. கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை என்ற ஹதீஸ் (நபிமொழி) நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அது ஆணுக்கு மட்டும் என்று மார்க்கம் கற்ற எந்த ஹஜ்ரத்தும் சொல்லி நான் கேட்டதில்லை. நபியவர்களிடம் பெண்கள் வந்து, ஆண்களே உங்களைச் சூழ்ந்திருக்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்களும் நாள் ஒதுக்கிக் கற்றுக்கொடுத்தார்கள். நபியவர்களின் மனைவியரில் ஒருவரான ஹஃப்ஸா நாயகிக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா என்ற பெண்மணி. ஆயிஷா நாயகி வழியாக வந்த ஹதீஸ்கள் 2,000-க்கும் மேல், அவர்களிடம் பாடம் கேட்டவர்களில் ஆண்களும் உண்டு. கதீஜா நாயகி பெரிய வணிகர் என்பது தெரியாத வீடே இல்லை.

மார்க்கத்தைக் காரணம் காட்டிப் படிப்பை நிறுத்துபவரிடம் நான் வாதம் செய்வதில்லை. "எந்த வசனம், எந்த ஹதீஸ் என்று ஹஜ்ரத்திடம் கேட்டு வாங்க" என்று மட்டும் சொல்வேன். பெரும்பாலும் பேச்சு அதோடு பணத்துக்கோ தூரத்துக்கோ திரும்பிவிடும். உண்மையான கவலை அங்கேதான் இருக்கிறது.

மதரஸாவில் ஆலிமா படிக்க வைத்தால் போதாதா?

ஆலிமா, அதாவது மார்க்கக் கல்வி கற்ற பெண் ஆகும் படிப்பு, நல்ல படிப்பு. அரபு இலக்கணம், தஃப்சீர் (குர்ஆன் விளக்கம்), ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) எல்லாம் படித்த ஒரு பெண் வீட்டில் இருந்தால், மார்க்கத்தின் பெயரால் யாரும் எதையும் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆனால் பத்தாவதை நிறுத்திவிட்டு அனுப்பாதீர்கள். ஆலிமாப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கல்லூரியிலோ வேலையிலோ சேர்வது கடினம். ஆலிமாவோடு பியூசி (பதினொன்று, பன்னிரண்டாவதுக்குச் சமம்) தேர்வும் எழுத வைக்கும் மதரஸாக்கள் இருக்கின்றன, விசாரித்துப் பாருங்கள்.

வெளியில் இருப்பவர்கள் முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாவில்தான் இருப்பதாக நினைக்கிறார்கள். 2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கை, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் சுமார் 3 சதவீதம் பேர்தான் மதரஸாவில் படிக்கிறார்கள் என்று சொன்னது. அதே அறிக்கை 6 முதல் 14 வயதுக்குள் நான்கில் ஒரு பிள்ளை பள்ளிக்கே போகாமல் இருந்ததையோ பாதியில் நின்றுவிட்டதையோ காட்டியது. எனக்கு இந்த இரண்டாவது கணக்குதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பத்தாவது வரை படிக்க வைத்துவிட்டோம். அதற்கு மேல் இங்கே ஏன் இவ்வளவு சிக்கல்? ஊரில் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் சாதாரணமாகப் பன்னிரண்டு முடிக்கிறார்களே?

காரணம் பெரும்பாலும் பள்ளிக்கூட அமைப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி என்றால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே வளாகம். பத்தாவது பாஸ் பண்ணிய பிள்ளை ஜூன் மாதம் அதே வாசலில், அதே தோழிகளோடு பதினொன்றாவதுக்குப் போய் உட்காரும். வீட்டில் யாரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதே இல்லை. கர்நாடகத்தில் எஸ்எஸ்எல்சியோடு பெரும்பாலான பள்ளிகள் முடிந்துவிடும். அடுத்த 2 வருடத்துக்குப் பியூ கல்லூரி என்று தனியாகத் தேட வேண்டும். புது இடம், பஸ் மாறிப் போகும் தூரம், பல இடங்களில் பையன்களும் படிக்கும் கல்லூரி. 15, 16 வயதில், வீட்டார் பயம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், குடும்பம் புதிதாக "சரி" சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த "சரி" தள்ளிப்போவதுதான் பெரிய இழப்பு. ஒரு பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வகுப்பில் பாஸ் பண்ணினாள், கணக்கில் கெட்டிக்காரி. அத்தா (அப்பா) மறுப்பே சொல்லவில்லை. பெரியப்பாவைக் கேட்கலாம், ஊரிலிருந்து நன்னி (பாட்டி) வரட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நாள் போனது. மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. விண்ணப்பம் போட அவர்கள் வந்தபோது பக்கத்துக் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்திருந்தது. ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். அந்த வருடத்திலேயே பெண் பார்க்க வந்துவிட்டார்கள். யாரும் "படிக்காதே" என்று சொல்லாமலேயே அவள் படிப்பு முடிந்தது.

ஆகவே பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போதே பியூ கல்லூரியை முடிவு செய்துவிடுங்கள். அத்தாவை ஒருநாள் அழைத்துப் போய்க் கல்லூரி வாசலைக் காட்டுங்கள். அங்கே நம் தெருப் பெண் ஒருத்தி படித்தால் அவளைப் பேச வையுங்கள். விண்ணப்பம் வாங்க ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறதே?

பயம் நியாயமானது. இன்று நேற்று வந்த பயமும் இல்லை. பேகம் ரொக்கையா 1911-இல் கல்கத்தாவில் 8 மாணவிகளோடு முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியபோது, பாடத்தைவிட வண்டிதான் அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. நாலாபுறமும் அடைத்த வண்டி வைத்தால்தான் பெற்றோர் அனுப்புவார்கள். உள்ளே காற்றில்லாமல் பிள்ளைகளுக்கு மயக்கமும் வாந்தியும் வந்தன. சரி என்று திரைச்சீலை போட்டால், காற்றில் திரை விலகுகிறது என்று மிரட்டல் கடிதம். அதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் அந்த அம்மா பள்ளியை நடத்தினார். பள்ளி இன்றும் நடக்கிறது.

நமக்கு இன்று இருக்கும் வசதி அவருக்குக் கனவில்கூடக் கிடையாது. 2023 ஜூன் 11 முதல் சக்தித் திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்கு ஏசி இல்லாத சாதாரண அரசு பஸ்களில் டிக்கெட் இலவசம். பெங்களூர் நகர பஸ்ஸான பிஎம்டிசியிலும் அப்படித்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். நம் வீடுகளில் பலருடைய ஆதார் இன்னும் வாணியம்பாடி முகவரியிலோ கடையநல்லூர் முகவரியிலோ இருக்கிறது. இருபது வருடமாக இங்கே வாடகை கொடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு மட்டும் தினமும் டிக்கெட் எடுப்பார்கள். வாடகை ஒப்பந்தத்தையோ கேஸ் பில்லையோ கொண்டுபோய் ஆதார் மையத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள். பஸ் செலவு நின்றதும் "தூரம்" என்ற பேச்சு பாதி குறைந்துவிடுகிறது, நானே பார்த்திருக்கிறேன்.

மீதிப் பாதிக்கு: ஒரே தெருவிலிருந்து மூன்று நான்கு பிள்ளைகளை ஒரே கல்லூரியில் சேருங்கள், ஒன்றாகப் போய் வரட்டும். முதல் ஒரு வாரம் அம்மா கூடப் போகட்டும். பெண்களுக்கு மட்டும் என்று தேடுபவர்களுக்கு சேஷாத்ரி ரோட்டில் அரசின் மகாராணிக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஹிஜாபோடு கல்லூரிக்குப் போக விடுவார்களா? 2022-இல் நடந்ததைப் பார்த்து வீட்டில் எல்லாரும் பயந்துபோய் இருக்கிறார்கள்.

நடந்தது இது. 2021 கடைசியில் உடுப்பி அரசு பெண்கள் பியூ கல்லூரியில் ஹிஜாப் அணிந்த மாணவிகளை வகுப்புக்குள் விடவில்லை. 2022 பிப்ரவரி 5-இல் கர்நாடக அரசு சீருடை ஆணை பிறப்பித்தது. மார்ச் 15-இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு துலியா ஏற்கவில்லை, பெண் குழந்தையின் படிப்பே தன் மனத்தில் முதலில் நின்றது என்று எழுதினார். விஷயம் பெரிய அமர்வுக்குப் போனது.

அந்த ஒரு வருடம் எத்தனையோ பிள்ளைகளின் தேர்வைத் தின்றுவிட்டது. வகுப்பறை வாசலில் ஹிஜாபைக் கழற்று என்று ஒரு பக்கம் சொன்னார்கள், அப்படியானால் வீட்டுக்கு வா என்று இன்னொரு பக்கம் சொன்னார்கள். நடுவில் நின்ற பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. ஹிஜாப் போடுவதும் போடாததும் அவள் முடிவு, இரண்டிலும் அவள் வகுப்புக்குள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறையில், சேருவதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் சீருடை விதி என்ன என்று நேராகக் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். பெங்களூரில் ஹிஜாபோடு பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. ஒரு கல்லூரி சரிவரவில்லை என்றால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள், பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

வீட்டில் தமிழ், பள்ளிவாசலில் உருது, பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். பிள்ளை குழம்பிப் போகிறாளே?

குழந்தைகள் குழம்புவதில்லை, பெரியவர்கள்தான் தடுமாறுகிறோம். நம் நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. தமிழ்ச் சங்கத்துக்குப் போனால் "நீங்க முஸ்லிமா, உருது இல்லையா?" என்கிறார்கள். உருது பேசும் முஸ்லிம்களிடம் போனால் "தமிழா?" என்று இழுக்கிறார்கள். உதவித்தொகை அறிவிப்பு உருதுப் பத்திரிகையில் வருகிறது, ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில்) உருதுவில் சொல்கிறார்கள், பள்ளியில் கன்னடச் சுற்றறிக்கை கொடுத்து அனுப்புகிறார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாவுக்கு மூன்றுமே எட்டுவதில்லை. இதனால் போன பணமும் வாய்ப்பும் கொஞ்சநஞ்சமில்லை.

கன்னடத்தை உறுதியாகப் படிக்க வையுங்கள். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே பள்ளிகளில் கன்னடம் கட்டாயம், மாநில அரசு வேலைக்கும் கன்னடம் வேண்டும். தமிழை வீட்டில் வாசிக்கவும் எழுதவும் பழக்குங்கள். உருது பேசத் தெரிந்தால் போதும், எழுதவும் வந்தால் நல்லது. அப்புறம் அம்மாக்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வையுங்கள். கன்னடமும் உருதுவும் தெரிந்த ஒரு பெண் அறிவிப்பைப் படித்துத் தமிழில் குரல் பதிவாகப் போட்டால் போதும். எங்கள் தெருவில் அதைச் செய்வது பியூசி படிக்கும் ஒரு பெண்தான். கடைசித் தேதியைத் தவறவிட்டோம் என்ற பேச்சே இப்போது குறைந்திருக்கிறது.

பெண் வயசுக்கு வந்துவிட்டாள். ஊரில் நன்னி வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாமா?

அனுப்பும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். கர்நாடகத்தில் சிஇடி என்ற நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புச் சேர, பொது விதிப்படி ஒன்றாவதிலிருந்து பன்னிரண்டுக்குள் குறைந்தது 7 ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், எஸ்எஸ்எல்சியோ இரண்டாம் பியூசியோ இங்கே பாஸ் பண்ணியிருக்க வேண்டும். எட்டாவதில் ஊருக்குப் போய் அங்கேயே பன்னிரண்டு முடித்தால் இங்கே அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டிலோ அங்கே எத்தனை வருடம் படித்தது, இருப்பிடச் சான்று என்று அவர்கள் விதியைக் கேட்பார்கள். நடுவில் மாறிய பிள்ளை இரண்டு மாநிலத்திலும் வெளியாள் ஆகிவிடும் ஆபத்து உண்டு. அந்தந்த வருடத்துச் சேர்க்கைக் கையேட்டைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊருக்கு அனுப்புவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கீழக்கரையில் 1988-இல் தொடங்கிய தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி, சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955-இல் தொடங்கிய மகளிர் கல்லூரி, இவை எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரிப் பெண்ணை உருவாக்கியவை. பட்டப்படிப்புக்கு விடுதியில் சேர்ப்பது வேறு. பதின்மூன்று வயதில் பயந்துபோய்ப் பள்ளியை மாற்றுவது வேறு.

பணம்?

பல வாசல்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் தேதி உண்டு.

முதலில் 2பி சான்றிதழ். கர்நாடகத்தில் முஸ்லிம்களுக்கு 4 சதவீத ஒதுக்கீடு 2பி பிரிவில் இருக்கிறது. 2023 மார்ச்சில் அதை நீக்கி ஆணை வந்தது, உச்ச நீதிமன்றத்தில் வழக்கானதும் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று அரசு சொன்னது. நாடகச்சேரி என்ற வருவாய்த் துறை அலுவலகத்தில் சாதி, வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் வாங்கிய பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சான்றிதழ் அங்கே உள்ள 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கானது, இங்கே செல்லாது. சேர்க்கை வாரத்தில் ஓடாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மத்திய அரசின் சிறுபான்மை உதவிகள் சுருங்கிவிட்டன. ஒன்று முதல் எட்டாவது வரை கொடுத்த உதவித்தொகை 2022-23 முதல் நின்றது, அதே 2022 டிசம்பரில் ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் நிறுத்தினார்கள். பிஎச்டி வரை போன நம் பெண்களுக்கு அது பெரிய அடி, இப்போதும் மனம் ஆறவில்லை. மாநில அரசின் எஸ்எஸ்பி என்ற உதவித்தொகை இணையதளத்தில் பத்தாவதுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்படிப்புக்குச் சிறுபான்மையினர் மேம்பாட்டுக் கழகத்தின் "அறிவு" கடன் திட்டம் இருக்கிறது. வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கமே போகாதவர்கள் முதலில் அதை விசாரியுங்கள்.

ஜகாத்தும் இதற்குத்தான். ஏழைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை ஜகாத்திலிருந்து கட்டலாம் என்று ஆலிம்கள் பலர் சொல்கிறார்கள். ரமலானில் பிரித்துப் பிரித்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பதைச் சேர்த்து ஒரு பெண்ணின் முழுவருடக் கட்டணமாகக் கட்டுங்கள் என்று வசதியுள்ள குடும்பங்களிடம் நான் கூசாமல் கேட்கிறேன்.

இந்த ஊரில் இதை முன்பே ஒருவர் பெரிதாகச் செய்து காட்டியிருக்கிறார். திருச்சியில் பிறந்த டாக்டர் மும்தாஜ் அகமது கான் 1966-இல் இங்கே அல் அமீன் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். மருத்துவம் பார்த்துக்கொண்டே பள்ளி, கல்லூரிகளை எழுப்பினார். 2021-இல் காலமானார்.

அதிகம் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காதே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அம்மாக்களின் குரல் தாழ்ந்துவிடும். இதில் பொய் இல்லை, அதனால் மழுப்பவும் மாட்டேன். பி.ஏ., பி.எஸ்சி. முடித்த நம் பெண்ணுக்கு அதே படிப்புள்ள மாப்பிள்ளை தேடுவது பல குடும்பங்களில் உண்மையாகவே கஷ்டம். ஏன்? பையன்கள் படிப்பை விட்டுவிட்டார்கள். ஒன்பதாவதோடு நின்று சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பொருள் சந்தையில்) வண்டிப் பாகம் கழற்றப் போகிறான், கடையில் நிற்கிறான், பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் வளைகுடாவுக்குப் போகிறான். பெண்ணுக்கு வெளியில் போக இடமில்லாததால் புத்தகத்தோடு இருக்கிறாள், பையனுக்குப் பதினைந்து வயதிலேயே கையில் காசு வருகிறது. அக்கா கல்லூரியில், தம்பி கராஜில். பல வீடுகளில் இதுதான் காட்சி.

இதற்கு மருந்தாக அக்காவின் படிப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். தம்பியின் படிப்பைக் கூட்டச் சொல்ல ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? எனக்கு இதில் கோபமே வருகிறது. பெண் கல்வி பற்றிப் பேச வரும் ஒவ்வொரு அத்தாவிடமும் மகனின் மதிப்பெண் பட்டியலையும் கேட்கிறேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். படிக்காத பெண்ணுக்கு எளிதாக மாப்பிள்ளை கிடைத்து, நாலு வருடத்தில் அவன் கைவிட்டாலோ இறந்துவிட்டாலோ அவள் திரும்பி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். ஊதுபத்தி உருட்டியும் பீடி சுற்றியும் பிள்ளைகளை வளர்க்கும் இளம் தாய்மார்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களில் யாரும் "என் மகளைக் குறைவாகப் படிக்க வைப்பேன்" என்று என்னிடம் சொன்னதில்லை. அவர்கள்தான் முதல் ஆளாக விண்ணப்பம் வாங்க வருகிறார்கள்.

மாற்றமும் தெரிகிறது. கைக்கூலி (வரதட்சணை) பேசாமல், பெண்ணின் வேலையை மதித்துக் கேட்டு வரும் குடும்பங்கள் முன்பைவிட அதிகம். படித்த மருமகள் வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர வேண்டும் என்று மாமியார்களே கேட்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் சரி, படிப்புக்கு வீட்டில் ஒரு மரியாதை வந்திருக்கிறது.

நிக்காஹ் முடிந்த பிறகு படிக்க வைப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்கள். நம்பலாமா?

நம்புங்கள், ஆனால் எழுதி வாங்குங்கள். நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹரைத் தஃப்தரில் (நிக்காஹ் பதிவேட்டில்) எழுதுவதுபோல் நியாயமான நிபந்தனையையும் எழுதலாம். நிறைவேற்றப்பட வேண்டிய நிபந்தனைகளில் முதன்மையானவை திருமணத்தின்போது ஒப்புக்கொண்டவை என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. மத்ஹபுக்கு மத்ஹப் (சட்டப் பிரிவுக்குப் பிரிவு) விளக்கம் கொஞ்சம் மாறும், உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்கத்துக்கும் பொதுநலனுக்கும் முரணாகாத நிபந்தனைகளை நம் நாட்டு நீதிமன்றங்களும் மதிக்கின்றன.

எங்கள் பக்கத்தில் ஒரு நிக்காஹில் இதைக் கண்ணால் பார்த்தேன். பெண் பி.காம் இரண்டாம் ஆண்டு. மஹர் தொகைக்குக் கீழே "மணமகள் பட்டப்படிப்பை முடிப்பார், கட்டணம் மணமகன் பொறுப்பு" என்று ஹஜ்ரத் எழுதி, சபைக்குக் கேட்கும்படி வாசித்தார். மாப்பிள்ளையின் மாமா முகம் சுளித்து, இதெல்லாம் இங்கே எதற்கு என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை பேசாமல் தஃப்தரைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெண் மூன்றாம் ஆண்டுத் தேர்வை எழுதியபோது நான்கு மாதக் கர்ப்பம். மாமியார்தான் ஆட்டோவில் கூட்டிப்போய் வாசலில் காத்திருந்தார்.

17 வயதில் நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது. ஒரு வருடம்தானே?

வேண்டாம். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 ஆக வேண்டும். கர்நாடகம் கொண்டுவந்த திருத்தத்தின்படி இங்கே அப்படிப்பட்ட திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. 18 ஆகாத மனைவியோடு உறவு கொள்வது வன்புணர்ச்சிக் குற்றம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை சிறைக்குப் போகலாம், நடத்தி வைத்தவர்களும் மாட்டுவார்கள். பிள்ளைக்கு விருப்பமில்லாமல் நடக்கிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அவளே அழைக்கலாம்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஜும்ஆவுக்குப் பிறகு உதவித்தொகைத் தேதிகளைத் தமிழிலும் இரண்டு நிமிடம் வாசியுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் (மாலைத் தொழுகைக்கும் இரவுத் தொழுகைக்கும் இடையே) மதரஸா அறை காலியாகத்தான் இருக்கிறது, பெண் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க விளக்கைப் போட்டுத் திறந்து விடுங்கள். ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவில் படிக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? நிர்வாகக் கூட்டத்தில் கல்வி பற்றிப் பேசும்போதாவது பெண்களையும் கூப்பிடுங்கள். மகளின் பள்ளி வாசலில் வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

நான் எட்டாவதோடு நின்றவள். இப்போது 34 வயது, இரண்டு பிள்ளைகள். இனிமேல் முடியுமா?

முடியும், இதைக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தனி சந்தோஷம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதலாம், மேல் வயது வரம்பு இல்லை. தமிழ் வழியிலும் எழுதலாம். ஒருமுறை பதிவு செய்தால் 5 வருடம் செல்லும், அதற்குள் 9 வாய்ப்புகள். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஒரே மூச்சில் ஐந்து பாடமும் எழுத வேண்டியதில்லை, இந்த முறை இரண்டு, அடுத்த முறை இரண்டு என்று முடிக்கலாம். அப்புறம் பன்னிரண்டாவது, அதன் பிறகு இக்னோ அல்லது மைசூரில் உள்ள கர்நாடகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம்.

தமிழும் மனையியலும் போல உங்களுக்குக் கைவந்த பாடங்களில் தொடங்குங்கள். கணக்குக்குப் பயமென்றால் அதை எடுக்காமலேயே பத்தாவது முடிக்கப் பாடத் தேர்வில் இடம் இருக்கிறது. பிறப்புச் சான்றோ பழைய பள்ளிச் சான்றோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

நான் பியூசி படிக்கிறேன். சட்டம் படிக்க ஆசை. அத்தாவிடம் எப்படிக் கேட்பது?

முதலில் ஃபாத்திமா பீவி அம்மாவைப் பற்றிச் சொல்லு. பத்தனம்திட்டையில் ராவுத்தர் குடும்பத்தில் 1927-இல் பிறந்தவர். சட்டம் படிக்கச் சொன்னதே அவருடைய தகப்பனார்தான். 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார், பிறகு தமிழ்நாட்டு ஆளுநராக இருந்தார். நம் ராவுத்தர் வீட்டுப் பெண் என்றதும் அத்தா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

அப்புறம் ஒரு தாளில் எழுதிக் காட்டு: எந்தக் கல்லூரி, எத்தனை வருடம், கட்டணம் எவ்வளவு, எதில் எவ்வளவு உதவித்தொகை வரும், எந்த பஸ், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய். அத்தாக்கள் கனவுக்குப் பயப்படுவார்கள், கணக்குக்குப் பதில் சொல்வார்கள். கடை மூடி வந்து சாப்பிட்ட பிறகு கேள், வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்காதே. அம்மாவிடம் முன்பே சொல்லி வை. முதல் நாள் மறுத்தால் தாளைக் கிழிக்காமல் மேசை மேலேயே விட்டுவிட்டு வா, இரண்டு நாள் கழித்து மறுபடி கேள். அதற்குள் உன் 2பி சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். அதற்கு அத்தா கையெழுத்து வேண்டுமென்றால் சனிக்கிழமை மாலை இருவரும் என்னிடம் வாருங்கள்.